அவசரகாலப் பையை வாங்குமுன்: வீட்டுக் கணக்கில் தொடங்கும் முழு வழிகாட்டி

அவசரகாலத்துக்கு வீட்டைத் தயார் செய்ய நினைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் போகும் இடம் கடை. டார்ச், பேட்டரி, முதலுதவிப் பெட்டி, முதுகுப்பை எல்லாம் வாங்கிவந்து அலமாரியின் மேல்தட்டில் ஏற்றிவிட்டு, வேலை முடிந்தது என்று நிம்மதியாக உட்காருகிறார்கள். இரண்டு மாதம் கழித்துக் குளிர்பதனப் பெட்டி பழுதாகும்போது அதே மனிதர்கள் கடன் வாங்குகிறார்கள்.

உறவினர், நண்பர்கள் சிலருக்கு இந்த வேலையை உடன் உட்கார்ந்து செய்து கொடுத்திருக்கிறேன். என் வீட்டில் இரண்டு முறை தப்பாகச் செய்து மூன்றாம் முறைதான் ஒழுங்குக்கு வந்தேன். தடுமாறும் இடம் எல்லாருக்கும் ஒன்றுதான்: பொருளை முதலில் வாங்குகிறார்கள், பணத்தைப் பிறகு யோசிக்கிறார்கள், வாங்கியதைச் சோதித்துப் பார்ப்பதே இல்லை. கீழே உள்ள வரிசையை மாற்றாமல் செய்யுங்கள். ஒவ்வொரு படிக்கும் அதற்கு முந்தைய படியில் கிடைத்த விடை தேவைப்படும்.

1. உட்காருமுன் எடுத்து வைக்க வேண்டியவை

கடைசி மூன்று மாத வங்கிக் கணக்கு விவரம், கடன் அட்டைப் பட்டியல், கடந்த 12 மாதங்களில் ஒரே ஒருமுறை கட்டிய பெரிய தொகைகளின் ரசீதுகள், ஒரு நோட்டு, ஒரு பேனா. நேரம் இரண்டு மணி போதும்.

ஏன் மூன்று மாதம்? ஒரு மாதக் கணக்கை நம்ப முடியாது. எல்லா வீட்டிலும் "அந்த மாதம் மட்டும் கொஞ்சம் கூடுதல்" என்று ஒரு கதை இருக்கும். மூன்று மாதத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், அந்தக் கூடுதல் மாதந்தோறும் வருவது தெரிந்துவிடும்.

நோட்டு ஏன், கணினியில் எழுதக் கூடாதா என்று கேட்பார்கள். எழுதலாம். ஆனால் மின்சாரம் இல்லாத இரவில், கடவுச்சொல் தெரிந்த ஒருவர் வீட்டில் இல்லாத நேரத்தில், அந்தக் கோப்பால் பயனில்லை. கணக்கைக் கணினியில் போட்டாலும் கடைசி வடிவம் காகிதத்தில் இருக்கட்டும்.

வீட்டில் வருமானம் ஈட்டுபவர், செலவைக் கையாளுபவர் இருவரும் உட்கார வேண்டும். தனியாக ஒருவர் போட்ட திட்டம் அவர் ஊரில் இல்லாத நாளில் யாருக்கும் புரியாது. அவசரம் வருவது பெரும்பாலும் அப்படிப்பட்ட நாளில்தான்.

2. என்ன நேரக்கூடும் என்று எழுதுதல்

நோட்டின் முதல் பக்கத்தில், கடந்த ஐந்து ஆண்டுகளில் உங்கள் வீட்டிலும் நெருங்கியவர்கள் வீட்டிலும் திட்டமில்லாமல் வந்த எல்லாவற்றையும் எழுதுங்கள். சம்பளம் தாமதமானது, வேலை போனது, மருத்துவமனை, வண்டி அல்லது இயந்திரப் பழுது, நீண்ட மின்தடை, தண்ணீர் வராத நாட்கள், திடீர்ப் பயணம். ஒவ்வொன்றின் எதிரிலும் மூன்று குறிப்புகள்: எத்தனை நாள் நீடித்தது, எவ்வளவு பணம் போனது, அந்த நாட்களில் வீட்டில் இருக்க முடிந்ததா.

பிறகு ஒவ்வொரு வரியின் ஓரத்திலும் "பணம்" அல்லது "பொருள்" என்று குறியுங்கள். பணம் இருந்திருந்தால் தீர்ந்திருக்குமா, அல்லது கையில் தண்ணீரோ விளக்கோ இருந்திருந்தால்தான் தீர்ந்திருக்குமா என்பதே கேள்வி. நான் பார்த்த பட்டியல்களில் பெரும்பாலான வரிகள் பணத்தின் பக்கமே விழுந்தன. வெள்ளம், நிலநடுக்கம், புயல் வரும் பகுதியில் வசிப்பவர்களுக்குப் பொருள் பக்கமும் கனக்கும். அப்படியானால் வீட்டைவிட்டு வெளியேறும் நிலை ஒரு தனி வரியாக இருக்க வேண்டும்.

இங்கே நடக்கும் பிழை, செய்தியில் பார்த்த பேரிடரை எழுதிவிட்டு, போன வருடம் தங்கள் வீட்டிலேயே நடந்த பல் சிகிச்சையை மறப்பது.

3. காசு கேட்காத வேலைகள், இன்றைக்கே

பணத்துக்குப் போகுமுன் இதை முடித்துவிடுங்கள். செலவில்லை, உயிரைக் காப்பதும் இதுதான்.

மெயின் ஸ்விட்ச், தண்ணீர் வரும் முதன்மைக் குழாயின் வால்வு, எரிவாயு வால்வு. இந்த மூன்றும் எங்கே இருக்கின்றன என்று சொன்னால் போதாது. வீட்டில் உள்ள ஒவ்வொருவரும் தங்கள் கையால் ஒருமுறை அடைத்துத் திறக்க வேண்டும். என் வீட்டுத் தண்ணீர் வால்வைப் பல ஆண்டுகளாக யாரும் தொடவில்லை. குழாய் உடைந்த அன்று அது இறுகிப்போய்த் திரும்பவே இல்லை. தரையெல்லாம் தண்ணீர் ஓட, குழாய்ப் பணியாளர் வரும்வரை வாளிகளோடு ஓடினோம்.

எரிவாயு நாற்றம் வந்தால் எந்த ஸ்விட்சையும் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. அணைக்கும்போதும் பொறி எழும். வால்வை அடைத்து, கதவு ஜன்னல்களைத் திறந்து, எல்லாரும் வெளியேறி, வெளியே நின்று தொலைபேசியில் அழைக்க வேண்டும். சிலிண்டரில் வரும் எரிவாயு காற்றைவிடக் கனமானது, தரையோரம் தேங்கும். ஆகவே ஜன்னல் மட்டும் போதாது, கதவையும் திறக்க வேண்டும். குழாய் வழியே வரும் இயற்கை எரிவாயு இலேசானது, மேலே ஏறும். உங்கள் வீட்டில் எது என்று தெரிந்திருக்க வேண்டும்.

வாணலி எண்ணெயில் தீப்பிடித்தால் அடுப்பை அணைத்து, மூடியைப் பக்கவாட்டில் நகர்த்தி மூடி, ஆறும்வரை திறக்காமல் விடுங்கள். தண்ணீர் ஊற்றினால் அது எண்ணெய்க்கு அடியில் இறங்கி, நொடியில் ஆவியாகி, எரியும் எண்ணெயை நாலாபுறமும் வீசும். அதனால் பொரிக்கும் நாளில் அந்தப் பாத்திரத்தின் மூடி கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும்.

தீக்காயத்தைக் குளிர்ந்த குழாய்நீர் ஓட்டத்தில் 20 நிமிடம் பிடியுங்கள். பனிக்கட்டி, பற்பசை, வெண்ணெய் எதுவும் வேண்டாம். 20 நிமிடம் என்பது நினைப்பதைவிட நீளமானது, கடிகாரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மின்தடையின்போது கரி அடுப்பையோ ஜெனரேட்டரையோ வீட்டுக்குள்ளோ மூடிய வண்டிக்கூடத்திலோ ஓட்டக் கூடாது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூங்குபவர் எழாமலே போகலாம். ஜெனரேட்டர் கதவு, ஜன்னல்களிலிருந்து குறைந்தது 6 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும்.

கடைசியாக, வீட்டைவிட்டு வெளியேற இரண்டு வழிகள், வெளியே சந்திக்கும் ஓர் இடம், வேறு ஊரில் இருக்கும் ஒருவரின் எண். ஊரே ஒரே நேரத்தில் அழைக்கும்போது குரல் அழைப்பு கிடைக்காமல் போகலாம். குறுஞ்செய்தி அப்போதும் போய்ச்சேர வாய்ப்பு அதிகம். எல்லாரும் வெளியூர்க்காரருக்குச் செய்தி அனுப்பினால் அவர் தொகுத்துச் சொல்வார்.

4. "அடிப்படை மாதம்" எவ்வளவு?

வருமானம் நின்றுபோனாலும் கட்டியே ஆக வேண்டிய செலவுகள் மட்டும் அடங்கிய மாதத்தை அடிப்படை மாதம் என்கிறேன். வாடகை அல்லது வீட்டுக்கடன், உணவு, மின்சாரம், தண்ணீர், தொலைபேசி, வேலைக்குப் போகும் பயணம், மருந்து, கடன்களின் குறைந்தபட்சத் தவணை.

கணக்குக்கு ஒரு வீட்டின் மாத வருமானத்தை 100 என்று வைத்துக்கொள்வோம். வாடகை 25, உணவு 18, பயணம் 6, மின்சாரம் முதலியவை 5, கடன் தவணை 5, மருந்து 3. மொத்தம் 62.

மூன்று மாதக் கணக்கு விவரத்தில் ஒவ்வொரு வரியின் எதிரிலும் "வேண்டும்" அல்லது "நிறுத்தலாம்" என்று எழுதிக்கொண்டே போனால் இந்த எண் கிடைக்கும். "குறைக்கலாம்" என்ற மூன்றாவது பெட்டியை வைக்காதீர்கள். வைத்தால் பாதிச் செலவுகள் அதில் போய் ஒளிந்துகொள்ளும்.

ஒழுங்கற்ற வருமானம் உள்ளவர்கள் 100 என்பதற்குச் சராசரி வருமானத்தை எடுக்கக் கூடாது. கடந்த 12 மாதங்களில் மிகக் குறைவாக வந்த மூன்று மாதங்களின் சராசரியை எடுங்கள். நல்ல மாதத்தை வைத்துப் போட்ட திட்டம் முதல் மந்தமான மாதத்திலேயே உடைந்துவிடும். அதோடு திட்டம் போடும் ஆசையும் போய்விடும்.

5. தெரிந்தே வரும் செலவுகளைத் தனியே பிரித்தல்

காப்பீட்டுத் தவணை, பள்ளிக் கட்டணம், வண்டிப் பராமரிப்பு. இவை வரும் தேதி நமக்குத் தெரியும். இருந்தும் ஒவ்வோர் ஆண்டும் அவசர நிதியை இவைதான் தின்கின்றன. இவற்றை அவசரம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நாம்தான் நாட்காட்டியைப் பார்க்கவில்லை.

ஆண்டுக்கு ஒருமுறை வரும் தொகைகள் எல்லாவற்றையும் கூட்டி 12 ஆல் வகுங்கள். எடுத்துக்காட்டு வீட்டில் காப்பீடு 24, பள்ளி 36, வண்டி 12, மொத்தம் 72. மாதத்துக்கு 6. சம்பளம் வந்த நாளிலேயே இந்த 6 வேறு கணக்குக்குப் போய்விட வேண்டும்.

இப்போது உண்மையான அடிப்படை மாதம் 62 அல்ல, 68. இந்த 6-ஐ விட்டுவிட்டு அவசர நிதியைக் கணக்கிடுபவர்கள், மூன்று மாதத்துக்குச் சேர்த்ததாக நினைப்பது உண்மையில் மூன்று மாதத்துக்குப் போதாது.

6. அவசர நிதி: மூன்று கட்டங்கள், இந்த வரிசையில்

மாதம் 100 வரும் வீட்டில் 68 போக 32 மிஞ்சுகிறது. அதில் 8 சேமிக்க முடிகிறது, 24 மற்ற வாழ்க்கைக்கு என்று வைத்துக்கொள்வோம். சேமிப்பதை இன்னும் கூட்டலாமே என்று தோன்றும். முதல் மாதம் 20 ஒதுக்கி, மூன்றாம் மாதம் மொத்தத்தையும் எடுத்துச் செலவழித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். தொடர்ந்து வைக்கக்கூடிய சிறு தொகையே மேல்.

முதல் கட்டம், சிறு மெத்தை. உங்கள் பட்டியலில் அடிக்கடி வரும் பழுதுச் செலவு ஒன்றைத் தாங்கும் அளவு. எடுத்துக்காட்டு வீட்டுக்கு 20 என்றால், மாதம் 8 வீதம் இரண்டரை மாதத்தில் முடியும். இது முடியும்வரை கடனை வேகமாக அடைக்க வேண்டாம், குறைந்தபட்சத் தவணை மட்டும் கட்டுங்கள். மெத்தை இல்லாமல் கடனை அடைப்பவர், அடுத்த பழுதில் அதே கடனை மறுபடி வாங்குவார்.

அடுத்து, வட்டி அதிகமான கடன். கடன் அட்டையில் நிலுவை வைத்தால் ஏறும் வட்டி, சேமிப்புக் கணக்கு தரும் வட்டியைவிடப் பல மடங்கு. அந்த நிலையில் சேமிப்பைப் பெருக்குவது, ஓட்டைத் தொட்டியை அடைக்காமல் தண்ணீர் நிரப்புவதுதான். இப்போது 8-இல் 6 கடனுக்கு, 2 பின்னால் வரும் பொருட்களுக்கு. கடன் இல்லாதவர்கள் அந்த 6-ஐ நேராக இரண்டாம் கட்டத்துக்குக் கொண்டுபோகலாம்.

இரண்டாம் கட்டம், ஒரு முழு அடிப்படை மாதம், அதாவது 68. சம்பளம் ஒரு மாதம் தாமதமானாலும் வீடு அசையாது.

மூன்றாம் கட்டம், மூன்று முதல் ஆறு மாதம். வீட்டில் இரண்டு பேர் வெவ்வேறு இடங்களில் வேலை செய்தால் மூன்று போதும், அது 204. ஒற்றை வருமானம், ஒழுங்கற்ற வருமானம், தொடர் மருத்துவம் என்றால் ஆறு, அது 408. கணவன் மனைவி இருவரும் ஒரே நிறுவனத்தில் இருந்தால் அதை ஒற்றை வருமானமாகவே எண்ணுங்கள். மாதம் 8 வீதம் 204 சேர இரண்டு ஆண்டுக்கு மேல் ஆகும். மெதுவானதுதான். ஊக்கத்தொகை, பழைய பொருள் விற்ற பணம் என்று எதிர்பாராமல் வருவதில் பாதியை இதில் போட்டால் காலம் குறையும்.

பணத்தை எங்கே வைப்பது? ஒரு வாரச் செலவுக்கான ரொக்கம் சிறு நோட்டுகளாக வீட்டில், ஏனெனில் மின்சாரமும் இணையமும் இல்லாத நாளில் யாரிடமும் சில்லறை இருக்காது. மீதியில் ஒரு மாதத்துக்கானது, அன்றாடக் கணக்கிலிருந்து பிரிந்த, எந்நேரமும் எடுக்கக்கூடிய சேமிப்புக் கணக்கில். அதற்கு மேல் உள்ளதை ஓரிரு நாளில் முறிக்கக்கூடிய வைப்புத்தொகையில் வைக்கலாம். பங்குச் சந்தையில் வேண்டாம். பொருளாதாரம் சரியும் காலத்தில்தான் வேலைகள் போகும், பங்குகளும் அப்போதே விழும். தேவைப்படும் நாளில் நட்டத்துக்கு விற்க நேரும்.

எடுப்பதற்கு முன் மூன்று கேள்விகள்: இது எதிர்பாராததா, இது இல்லாமல் முடியாதா, அடுத்த சம்பளம்வரை காத்திருக்க முடியாதா? மூன்றுக்கும் "ஆம்" என்றால் தயங்காமல் எடுங்கள். தொடக்கூடாத பணம் என்று அதைப் பூட்டி வைத்துவிட்டு வெளியே கடன் வாங்குபவர்களும் உண்டு, அதுவும் பிழைதான். எடுத்த மறுமாதமே நிரப்பத் தொடங்க வேண்டும்.

காப்பீடு இருக்கிறதே என்பவர்களுக்கு ஒரு சொல். உங்கள் பத்திரத்தில் எந்தெந்தச் செலவு நீங்கள் முதலில் கட்டிப் பிறகு திரும்பப் பெறுவது, எந்தப் பகுதி உங்கள் பொறுப்பு என்று தேடிப் படியுங்கள். அந்தத் தொகை உங்கள் முதல் கட்ட மெத்தையைவிடப் பெரிது என்றால், மெத்தையை அந்த அளவுக்கு உயர்த்துங்கள்.

7. பணத்தை யார் எடுக்க முடியும்?

அவசர நிதி முழுவதும் ஒருவர் பெயரில் இருக்கிறது. அவரே நினைவில்லாமல் மருத்துவமனையில் படுத்திருக்கிறார். சேர்த்த நிதி பக்கத்திலேயே இருந்தும் மற்றவர்கள் கடன் கேட்டு அலைகிறார்கள். இதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியை மட்டும் செய்வீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள்.

நியமனதாரர் (நாமினி) பெயர் கொடுத்திருக்கிறோமே என்று பலர் நம்புகிறார்கள். கணக்கு வைத்திருப்பவர் இறந்த பிறகுதான் நியமனதாரருக்கு வேலை. கணக்கு வைத்திருப்பவர் உயிரோடு, ஆனால் கையெழுத்திட முடியாமல் இருக்கும்போது நியமனதாரரால் ஒன்றும் செய்ய முடியாது. இருவரில் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்ற முறையில் கூட்டுக் கணக்காக இருந்தால் இந்தச் சிக்கல் இல்லை. இருவரும் கையெழுத்திட வேண்டும் என்ற கூட்டுக் கணக்கு இங்கே உதவாது. எந்த முறையில் இருக்கிறது என்று வங்கியில் கேட்டு உறுதி செய்யுங்கள்.

கணக்கு ஏற்பாட்டோடு நிறுத்தாமல், இரண்டாம் நபர் ஒருமுறை உண்மையிலேயே சிறு தொகையை எடுத்துப் பார்க்க வேண்டும். அட்டை காலாவதியானது, பதிவான தொலைபேசி எண் பழையது என்பதெல்லாம் அப்போதுதான் வெளிவரும்.

8. காகிதங்கள்

இதை வேகமாக முடிக்கலாம். அடையாள அட்டைகள், வீட்டுப் பத்திரம் அல்லது வாடகை ஒப்பந்தம், காப்பீட்டுப் பத்திர எண்கள், மருந்துச் சீட்டு, இரத்த வகை, ஒவ்வாமைகள், வங்கிக் கணக்குப் பட்டியல். நகல்கள் ஒரு நீர்புகா உறையில், இன்னொரு தொகுப்பு வேறு வீட்டில் இருக்கும் நம்பகமானவரிடம், மூன்றாவது கடவுச்சொல்லிட்ட கோப்பாக. கடவுச்சொற்களையும் ரகசிய எண்களையும் அந்த உறைக்குள் வைக்காதீர்கள்.

பத்து தொலைபேசி எண்களைக் காகிதத்தில் எழுதி ஒவ்வொருவர் பணப்பையிலும் வையுங்கள். அவசர உதவி எண்ணும் அதில் இருக்கட்டும். 112 பல நாடுகளில் வேலை செய்கிறது, ஆனால் உங்கள் இடத்தில் தீயணைப்பு, ஆம்புலன்ஸ் எண்கள் தனித்தனியா என்று பார்த்து எழுதுங்கள். கைப்பேசி அணைந்தால் கணவனின் எண்ணோ மனைவியின் எண்ணோகூட நினைவுக்கு வராத காலம் இது.

9. பொருட்கள்: தண்ணீரில் தொடங்கி, மாதம் கொஞ்சமாக

இப்போதுதான் கடை. மாதம் 2 என்ற ஒதுக்கீட்டுக்குள் ஐந்தாறு மாதம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே நாளில் வாங்கினால் எல்லாம் ஒரே நாளில் காலாவதியாகும், பாதி தேவையில்லாததாகவும் இருக்கும். தண்ணீர், மருந்து, விளக்கு, உணவு என்று வரிசையாகப் போங்கள்.

தண்ணீர்: ஒருவருக்கு ஒரு நாளைக்கு சுமார் 4 லிட்டர், குடிக்கவும் மிகக் குறைந்த சுத்தத்துக்கும். நான்கு பேர், மூன்று நாள் என்றால் 48 லிட்டர். அதன் எடை 48 கிலோ என்பதைப் பலர் யோசிப்பதில்லை. ஒரே பெரிய கேனில் வைத்தால் வயதானவரால் நகர்த்த முடியாது, ஒரு விரிசலில் எல்லாமும் போய்விடும். பாதியையாவது 5 லிட்டருக்குக் குறைந்த பாத்திரங்களில் வையுங்கள். நீங்களே பிடித்து வைத்த நீரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். வெயில் படும் இடத்திலும், பெட்ரோல், பூச்சிமருந்து பக்கத்திலும் வேண்டாம், அவற்றின் ஆவி பிளாஸ்டிக்கை ஊடுருவும்.

சந்தேகமான நீரை நன்றாகத் தளதளவென்று கொதித்த பிறகு ஒரு நிமிடம் கொதிக்க விடுங்கள். 2,000 மீட்டருக்கு மேல் உயரமான இடம் என்றால் மூன்று நிமிடம். கொதிப்பு கிருமியைக் கொல்லும், இரசாயனத்தை நீக்காது. ஆகவே எண்ணெயோ பூச்சிமருந்தோ கலந்த வெள்ளநீரைக் கொதிக்க வைத்தும் குடிக்க முடியாது.

மருந்து: தினமும் எடுக்கும் மருந்துகள் இரண்டு வாரத்துக்கு எப்போதும் மீதி இருக்கும்படி வாங்குங்கள். புதிய அட்டையைப் பின்னால் வைத்து, பழையதை முன்னால் எடுங்கள். இன்சுலின் போன்று குளிரில் வைப்பவற்றை மின்தடையில் எப்படிப் பாதுகாப்பது, எத்தனை நாள் தாங்கும் என்று மருந்தாளரிடம் இப்போதே கேட்டு எழுதுங்கள், மருந்துக்கு மருந்து மாறும். வயிற்றுப்போக்கில் இழந்த நீரையும் உப்பையும் ஈடுசெய்யும் ஓஆர்எஸ் பொட்டலங்கள் சில வேண்டும். அது தீர்ந்தால், ஒரு லிட்டர் சுத்தமான நீரில் ஆறு தலைதட்டிய தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. கண்ணளவில் போடாதீர்கள். உப்பு கூடினால் குழந்தைக்குத் தீங்கு.

விளக்கு: மெழுகுவத்தி வேண்டாம் என்பேன், இருட்டோடு தீயையும் சேர்த்துக் காக்க வேண்டியிருக்கும். ஆளுக்கு ஒரு டார்ச், அதில் ஒன்று தலையில் மாட்டுவது. குழாய்க்கு அடியில் குனிந்து வேலை செய்யும்போது இரண்டு கையும் வேண்டும். பேட்டரியை டார்ச்சுக்குள் போட்டு மாதக்கணக்கில் வைக்காதீர்கள், கசிந்து முனைகளை அரித்துவிடும். நான் ஆசையாக வாங்கிய முதல் பெரிய டார்ச் அப்படித்தான் குப்பைக்குப் போனது.

பவர் பேங்க் கணக்கில் எல்லாரும் ஏமாறுகிறார்கள். 10,000 எம்ஏஎச் (பேட்டரியின் கொள்ளளவைக் குறிக்கும் அலகு) பவர் பேங்க், 5,000 எம்ஏஎச் கைப்பேசியை இரண்டு முறை நிரப்பாது. உள்ளே 3.7 வோல்ட், வெளியே தருவது 5 வோல்ட், மாற்றத்திலும் வெப்பத்திலும் ஒரு பங்கு போகும். ஒன்றரை முறை என்று எண்ணித் திட்டமிடுங்கள்.

உணவு: சமைக்காமல் உண்ணக்கூடியதாக மூன்று நாளுக்கு, வீட்டில் ஏற்கனவே சாப்பிடும் வகையிலேயே. பழக்கமில்லாத உணவை வாங்கி வைத்தால் குழந்தைகள் தொடமாட்டார்கள், நீங்களும் சுழற்சியில் பயன்படுத்தமாட்டீர்கள். டப்பா வாங்கினால் திறப்பானும் வாங்குங்கள். மின்சாரம் போனால் குளிர்பதனப் பெட்டியைத் திறக்காமல் விட்டால் சுமார் நான்கு மணி நேரம் குளிர் நிற்கும். நிரம்பிய உறைபெட்டி 48 மணி, பாதி நிரம்பியது 24 மணி. உறைந்த நீர்க்குவளையின் மேல் ஒரு நாணயத்தை உறைபெட்டியில் வைத்துவிட்டு ஊருக்குப் போங்கள். திரும்பும்போது நாணயம் அடியில் கிடந்தால், நீங்கள் இல்லாத நாளில் எல்லாம் உருகி மறுபடி உறைந்திருக்கிறது, உணவைக் கொட்டிவிடுங்கள்.

10. இரண்டு ஒத்திகைகள்

முதலாவது, ஒரு மாலை. விடுமுறை நாளில் ஆறு மணி முதல் பத்து மணிவரை மெயின் ஸ்விட்சை அணைத்து, தண்ணீர் வால்வை அடைத்து, இணையவழிப் பணத்தைத் தொடாமல் இருங்கள். மின்சாரத்தில் ஓடும் மருத்துவக் கருவியை நம்பி வாழ்பவர் வீட்டில் இருந்தால் இதைச் செய்யாதீர்கள், அவருக்கான மாற்று மின் ஏற்பாட்டை மருத்துவரோடு பேசித் தனியே சோதியுங்கள்.

எங்கள் வீட்டில் முதல் மணி நேரத்திலேயே தெரிந்தவை: டார்ச் இருந்த அலமாரியைத் தேடவே டார்ச் தேவைப்பட்டது. கழிவறைக்கு ஊற்ற வாளி நீர் எவருக்கும் தோன்றவில்லை. அடுப்பு தானாகப் பற்றவைக்கும் வகை, தீப்பெட்டி வீட்டிலேயே இல்லை. நாலு வரிப் பட்டியல், எல்லாம் அற்பம். இந்த அற்பங்களை எந்தக் கடைப் பட்டியலும் சொல்லியிருக்காது.

இரண்டாவது ஒத்திகை நீளமானது, அதனால் பலர் தவிர்க்கிறார்கள். ஒரு முழு மாதம் அடிப்படை மாதத் தொகைக்குள் வாழ்ந்து பாருங்கள். 68 என்று எழுதியவர்களுக்கு அது 74-இல் போய் நிற்கும். சோப்பு, முடிவெட்டு, தேய்ந்த செருப்பு, குழந்தையின் நோட்டு என்று எழுத மறந்தவை வரிசையாக வரும். அந்த 74-தான் உங்கள் உண்மையான எண். ஆறாவது படிக்குத் திரும்பி எல்லாப் பெருக்கலையும் அந்த எண்ணால் மறுபடி செய்யுங்கள். அந்த மாதத்தில் மிஞ்சிய பணம் நேராக நிதிக்குப் போகும் என்பது கூடுதல் இலாபம்.

11. நாட்காட்டியில் ஏற்ற வேண்டியவை

சம்பள நாளில்: தானியங்கிப் பரிமாற்றம் நடந்ததா என்று ஒரு பார்வை, புகை எச்சரிக்கைக் கருவியின் பொத்தானை ஓர் அழுத்தம். கருவியின் பின்புறம் தயாரிப்புத் தேதி இருக்கும், பத்து ஆண்டு கடந்திருந்தால் ஒலித்தாலும் மாற்றிவிடுங்கள்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை: பவர் பேங்க்கை மறுபடி சார்ஜ் செய்தல். சும்மா கிடந்தாலும் அது மெல்ல இறங்கும்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை: தண்ணீர், மருந்து, உணவுத் தேதிகள், வால்வுகளை ஒருமுறை திருப்புதல். குழந்தைகள் இருக்கும் வீட்டில், வெளியேறும் நிலைக்காக வைத்திருக்கும் பையில் உள்ள உடையின் அளவையும் பாருங்கள்.

ஆண்டுக்கு ஒருமுறை: அடிப்படை மாதத்தைப் புதிதாகக் கூட்டுதல். விலையும் வாடகையும் ஏறியிருக்கும், போன வருடத்து மூன்று மாத நிதி இந்த வருடம் மூன்று மாதத்துக்கு முழுதாக வராது.

இடையில் அவசரகாலப் பொருட்களை வைத்த பெட்டியிலிருந்து எதையாவது எடுத்தால், எடுத்தவரே மூடியின் உட்புறம் ஒட்டியுள்ள தாளில் பொருளையும் தேதியையும் எழுத வேண்டும். எங்கள் தாளில் அதிகம் இடம்பெறும் பெயர் என்னுடையது, பொருள் பேட்டரி.